ரசீது இல்லாத உரிமை

முத்துலட்சுமி ரெட்டியைப் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று ஊரில் பலத்த எதிர்ப்பு இருந்தது. பெண் ஒருத்தி பையன்களோடு உட்கார்ந்து படிப்பதா என்று. ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1912இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து டாக்டரானார். நல்ல கதைதான். ஆனால் ராஜா மறுத்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்? ராஜா மனசு வைத்தார், காரியம் நடந்தது. அவ்வளவுதான்.

இன்று முத்துலட்சுமியின் பெயரிலேயே மகப்பேறு நிதி உதவித் திட்டம் இருக்கிறது. 2017இல் புதுக்கோட்டை ஊருக்கு வெளியே முள்ளூரில் 150 எம்.பி.பி.எஸ். இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. கட்டடங்கள் வந்துவிட்டன. வரிசையில் நிற்பவரின் மனசில் மட்டும் இன்னும் ராஜா காலம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. “இலவசமா பார்க்கிறாங்க, நாம என்ன கேட்கிறது?” என்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியவர் கையில் ரசீது இருக்கும். சண்டை போட அது போதும். இலவசமாகப் பெறுபவர் கையில் ஒன்றும் இருக்காது. நோயாளிக்கும் சரி, அரசுப் பணத்தில் படிக்கிற மாணவருக்கும் சரி, பலவீனம் இந்த ஒரே இடத்தில்தான்.

சட்டத்திலும் இதற்கு ஒரு விளைவு உண்டு, பலருக்கு அது தெரியாது. மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வி.பி. சாந்தா வழக்கில் வந்தது. எல்லோருக்கும் எப்போதும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அதே தீர்ப்பு சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. பெயர் பதிவதற்கு ஐந்தோ பத்தோ வாங்கினாலும் நிலைமை மாறாது. ஆக, அரசு மருத்துவமனையில் தவறான சிகிச்சை என்று நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பெரும்பாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவீர்கள். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவருக்கு அந்த வாசல் மூடவில்லை என்று வாதாட இடமுண்டு. காப்பீட்டு நிறுவனம் செலுத்தும் பணமும் கட்டணம்தான் என்று சாந்தா தீர்ப்பே சொல்கிறது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம்.

அரசு மருத்துவமனைக்கு எதிராக வேறு வாசல் இருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை ஒன்றன்பின் ஒன்றாகப் பல அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் கைக்காசு போட்டுப் பிழைத்தார். 1996இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சிறியது; சொன்ன காரணம் பெரியது. அவசர சிகிச்சை கிடைக்காமல் போவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, நிதி இல்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. எங்கே படுக்கை காலியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நோயாளியை அங்கே அனுப்ப ஒரு மையத் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

மணமேல்குடியிலோ கோட்டைப்பட்டினத்திலோ இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சங்கதி அல்ல. “பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்ற ஒரு வாக்கியத்தோடு அறந்தாங்கி, அங்கிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து தஞ்சாவூர் என்று ஆம்புலன்ஸ் ஓடும். ரெஃபர் செய்வது தவறில்லை. சின்ன ஆஸ்பத்திரியில் நரம்பியல் நிபுணரை எதிர்பார்க்க முடியாது. ஆனால் முதலுதவி கொடுத்து நிலைப்படுத்தினார்களா, எத்தனை மணிக்கு, என்ன காரணத்துக்காக அனுப்பினார்கள் என்பது பரிந்துரைச் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அவசரத்தில் யாருக்கும் தோன்றாது, ஒத்துக்கொள்கிறேன். கூட வரும் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுவது நல்லது. உள்நோயாளியாக இருந்தவருக்குச் சிகிச்சைப் பதிவேட்டின் நகலும் உண்டு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. வாய்ச்சொல்லாகக் கேட்டால் “நாளைக்கு வாங்க” என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கினால் அந்த முத்திரைதான் உங்கள் ரசீது.

பதிவேடு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது வெளியே வந்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. எந்த ரத்தம், எந்த வங்கியிலிருந்து, யார் பரிசோதித்தது என்ற சங்கிலி காகிதத்தில் இருந்தது; அதனால் அரசு மறுக்க வழியில்லை. புதுக்கோட்டை மாவட்டமும் அதே மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தேசிய உதவி எண் 15100.

எல்லாமே நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. மருந்து இல்லை, டாக்டர் வரவில்லை என்பது போன்றவற்றுக்கு முதலில் நிலைய மருத்துவ அலுவலர். அங்கே நகரவில்லையா, சுகாதார உதவி எண் 104 அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100. அதற்கும் மேல் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். எங்கே போனாலும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் டாக்டர் சட்டையைப் பிடித்தால் நியாயம் முழுவதும் கைமாறிவிடும். 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி அது பிணையில் வர முடியாத குற்றம்.

பிரசவ வார்டுப் பணம் தனிக் கதை. ஆண் குழந்தை என்றால் ஒரு ரேட், பெண் குழந்தை என்றால் ஒரு ரேட் என்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் வழக்கமே ஆகிவிட்டது. கட்டாயத்தால் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வாரோ என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் அந்தப் பயத்துக்குப் பதில் வைத்திருக்கிறது: வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்கோ காவல் துறைக்கோ தெரிவித்தால் அவர்மீது குற்றமில்லை. ஏழு நாள் குறைவுதான், பச்சை உடம்புக்காரியின் வீட்டில் அதற்குள் யார் அலைவது? ஆனால் சட்டம் கொடுத்திருப்பது அவ்வளவே.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவத்துக்கு மொத்தம் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பணம் தவணையாக வரும், பல வீடுகளில் வராமலும் போகும். கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் போடப்பட்டதா, வங்கிக் கணக்கு தாயின் பெயரில்தான் இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் அதுதானா என்று கிராம சுகாதார செவிலியரிடம் பார்த்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். மீதிப் பாதிக்குத் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “என் தவணை எந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டது, எந்தக் கணக்குக்குப் போனது, போகவில்லையென்றால் கோப்பு யாரிடம் எத்தனை நாளாக இருக்கிறது” என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம். “ஏன் தரவில்லை?” என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு விளக்கம் தர வேண்டிய கட்டாயம் அலுவலருக்கு இல்லை. பதிவில் இருக்கும் தேதியைத் தந்தே ஆக வேண்டும்.

மாணவர்கள் விஷயத்தில் தேதிதான் எல்லாம். 2020 நினைவிருக்கும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அக்டோபர் கடைசியில் நடைமுறைக்கு வந்தது, நவம்பரில் கலந்தாய்வு. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், லட்சக்கணக்கில் கட்டணம் என்று தெரிந்ததும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இடத்தை விட்டவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. நல்ல திட்டம்தான். ஆனால் பணத்துக்கான ஆணையைக் கலந்தாய்வுக்கு முன்பே போடாதது அரசின் தவறு. அந்தப் பிள்ளைகளின் அவசரம் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இப்போது அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அதில் ஒன்றிய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரி சலுகை. பணம் தாமதமானால் இரண்டு அரசும் ஒன்றையொன்று கைகாட்டும், நடுவில் கல்லூரி மாணவரை நெருக்கும். “அரசுப் பணம் வரும்வரை நீ கட்டு, வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பேச்சின் தொனியும் மாறும். கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எந்தத் தலைப்பில் வாங்கினார்கள் என்று தெளிவாக எழுதிய ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். அரசு நிர்ணயித்ததற்கு மேல் வசூலிப்பது 1992ஆம் ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் செல்லாது. சான்றிதழ் அடகுப் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. புகாரை மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்கும், உதவித்தொகை என்றால் ஆட்சியரகத்தில் இருக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் அனுப்பலாம்.

இன்னொன்று. பொது சுகாதாரம் ஆஸ்பத்திரிக் கட்டடத்தோடு முடிவதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோய்வாய்ப்பட்டபோது, குடிக்கிற தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்னவர்கள் மருத்துவர்கள். அதன்பின் குடிநீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மனித மலம் கலந்திருந்தது. ஒரே தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் அது நாலு குடும்பத்தின் தனித்தனி நோயாக இருக்க வாய்ப்பில்லை. சுகாதார ஆய்வாளரை வரவழைத்து, தண்ணீர் மாதிரி எடுக்கச் சொல்லி, முடிவை எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது கிடைக்காவிட்டால் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் அதில் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி, தொட்டியைக் கடைசியாக என்றைக்குக் கழுவினார்கள் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.