பழைய மல்டிமீட்டர்: பெயருக்கு விலை கொடுக்கலாமா?

பட்டுப்புடவை வாங்குவோர் கடையின் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கலாமா? பிள்ளையார்பாளையத்தில் கேட்டுப் பாருங்கள். சரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். சென்னை ரிச்சித் தெருவில் பழைய மல்டிமீட்டர் வாங்கும் மாணவருக்கும் இதுவே ஏற்ற முறை.

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் அளக்கும் அவோமீட்டர் 1923-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 2008 வரை தயாரிக்கப்பட்டது. இத்தகைய கருவிகளுக்கு விலை கூடுதலாவது ஏன்?

முதற் காரணம் உணர்திறன். இரண்டு 20,000 ஓம் தடைகளைத் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ட் இருக்கும். வோல்ட்டுக்கு 2,000 ஓம் உள்ள மலிவான முள் மீட்டரை 10 வோல்ட் வீச்சில் வைத்து அளந்தால் 3 வோல்ட்தான் காட்டும். மீட்டரின் தடையும் 20,000 ஓம் ஆதலால், மின்னோட்டத்தில் பாதி அதன் வழியே போய்விடுகிறது. வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள அவோமீட்டர் 8 சுமார் 4.3 வோல்ட் காட்டும். ஆனால் இன்றைய மலிவான டிஜிட்டல் மீட்டருக்கே 10 லட்சம் ஓம் தடை உண்டு. அது ஏறத்தாழ 4.46 காட்டும். ஆகவே இதற்காகப் பெயருக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. ஆம்பியர் துளையில் கம்பி இருக்கும்போது தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட்டால் பெரும் மின்னோட்டம் பாயும். மணல் நிரப்பிய பீங்கான் பியூஸ் அதை உடனே துண்டிக்கும். சாதாரணக் கண்ணாடி பியூஸ் வெடித்துவிடலாம். நல்ல கருவியின் விலையில் ஒரு பங்கு இதற்கே. ஆனால் முன்பு வைத்திருந்தவர் பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால், மேலே எந்தப் பெயர் இருந்தும் பயனில்லை.

எனவே வாங்குமுன் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பியூஸ் உரிய அளவுடையதா, மின்கலம் கசிந்து உள்ளே அரித்திருக்கிறதா என்று பாருங்கள். கம்பிகளின் உறையில் வெடிப்பு இருக்கக் கூடாது. ஓம் வீச்சில் இரு முனைகளையும் சேர்த்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். புதிய டார்ச் செல் 1.5 முதல் 1.6 வோல்ட் வரை காட்டும். அவோமீட்டர் 8-இன் உயர் ஓம் வீச்சுக்கு 15 வோல்ட் மின்கலம் தேவை. அது கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

டார்ச் செல் சுற்றுகளைச் சோதிக்க மலிவான புதிய மீட்டர் போதும். தறி மோட்டாரையும் வீட்டு இணைப்பையும் அளப்பவர் பாதுகாப்புக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு அன்று. ஆனால் மூடியைத் திறந்து காட்டாதவரிடம் எந்தப் பெயரையும் வாங்காதீர்கள்.