பாஸ் கேட்காதீங்க, ப்ளீஸ்!

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து, மொட்டை மாடியில் ஒத்திகை. ஹால் வாடகை, மைக், லைட், மேக்கப் எல்லாம் கைக்காசுதான். டிக்கெட் 50 ரூபாய். அதற்கும், "பாஸ் ஏதும் கிடையாதாப்பா?" என்கிறோம். (சினிமா தியேட்டரில் பாப்கார்னுக்குப் பேரம் பேசுகிறோமா, என்ன?) போன நாடகத்தில் கையைச் சுட்டுக்கொண்டார்கள், இதுவும் நஷ்டமானால் குழுவைக் கலைத்துவிடுவார்களாம்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் நண்பர்களோடு சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது அவருக்கு 18 வயதுதான்! கே.பாலசந்தர், ஏ.ஜி. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். அன்றைக்கும் யாரோ டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்களே!

நான் மாமியாருக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன். "ஒருநாள் சீரியல் பார்க்கலேன்னா குடியா முழுகிடும்?" என்று அவரே கிளம்பிவிட்டார்.

- ஒரு வாசகி, சென்னை.