பரதேசிப் பள்ளி மட்டும் பார்த்தால் போதாது

"பரதேசி" என்றால் நம்ம ஊரில் திட்டு. கையில் காசில்லாதவன், போக்கிடம் இல்லாதவன். ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் அது ஒரு யூத ஜெபாலயத்தின் பெயர், அதுவும் இந்தியாவிலேயே அதிகம் பேர் போய்ப் பார்க்கும் ஜெபாலயத்தின் பெயர். அங்கே அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம்தான்: வேறு தேசத்திலிருந்து வந்தவன்.

2011-ல் குடும்பத்தோடு முதல் தடவை போனபோது இந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனோம். நீல நிற ஓடுகள், தொங்கும் கண்ணாடி விளக்குகள், நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை. இருபது நிமிஷம். வெளியே வந்து கடைகளில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். "யூத ஆலயம் பார்த்தாச்சு" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயரிலேயே விஷயம் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. இது வெளியூர்க்காரர்கள் கட்டிய பள்ளி என்றால், உள்ளூர் யூதர்களின் பள்ளி எங்கே?

(மலையாளத்தில் ஜெபாலயத்துக்கும் "பள்ளி" என்றுதான் பெயர். சர்ச், மசூதி, யூதர் கோயில், மூன்றுக்கும் ஒரே சொல். நாமும் பள்ளிவாசல் என்கிறோம் இல்லையா? இந்தக் கட்டுரையிலும் பள்ளி என்றே வைத்துக்கொள்கிறேன்.)

இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை கேரளத்தில் எட்டு யூதப் பள்ளிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, வடக்கே பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. இந்த எட்டில் ஒன்றுதான் பரதேசிகளுடையது. மற்ற ஏழும் மலபாரி யூதர்களுடையவை. மலபாரிகள் எத்தனையோ தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள். பரதேசிகளின் முன்னோர் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் துரத்தலுக்குத் தப்பியும், பிறகு சிரியா, ஈராக் பக்கமிருந்தும் வந்து சேர்ந்தவர்கள். 1568-ல் கொச்சி ராஜாவின் அரண்மனைச் சுவரை ஒட்டிப் பள்ளி கட்டிக்கொண்டார்கள். 1950-களில் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கேரள யூதர்கள் மொத்தம் சுமார் 2,400 பேர். அதில் பரதேசிகள் சுமார் நூறு பேர். அதாவது, டிக்கெட் வாங்கி நாம் பார்த்துவிட்டு வருவது இருபத்துநாலில் ஒரு பங்கு ஆட்களின் கதை.

நான் ரெண்டாவது தடவை போனது 2018 ஜனவரியில். நடுவில் ரூபி டேனியல் என்ற கொச்சி யூதப் பெண்மணியின் நினைவுக் குறிப்புகளைப் படித்திருந்தேன். 1912-ல் ஜூ டவுனில் பிறந்து, இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்து, பிறகு இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸில் வாழ்ந்தவர். அந்தப் புத்தகம் படித்த பிறகு பள்ளிக்குள் நுழைந்ததும் நான் தேடியது விளக்கையோ ஓட்டையோ இல்லை, பிரதான அறைக்கு முன்னால் இருக்கும் சின்ன முன்னறையை.

எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. ஆனால் பரதேசிக் குடும்பங்களின் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களும் அவர்கள் வம்சத்தாரும் உட்கார வேண்டிய இடம் அதுதான். "மெஷுஹ்ராரிம்" என்று அவர்களுக்குப் பெயர், விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். யூத மதத்தைத்தான் கடைப்பிடித்தார்கள், அதே ஜெபங்களைத்தான் சொன்னார்கள். ஆனால் உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது, தோரா வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள், செத்தால் அதே கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. ரூபி டேனியல் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்.

அதே சமூகத்திலிருந்து வந்தவர்தான் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). மெட்ராஸில் சட்டம் படித்த வக்கீல், கொச்சி சட்டசபை உறுப்பினர். காந்தியின் வழியைப் பிடித்துக்கொண்டு சொந்தப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். அதனால் "யூத காந்தி" என்று பெயர் வாங்கினார். கட்டுப்பாடுகள் ஒரே நாளில் போகவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. சாதியும் தீண்டாமையும் நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எகிப்தில் அடிமையாக இருந்ததை ஒவ்வொரு பஸ்காவிலும் நினைத்துக்கொள்ளும் மக்கள் இங்கே வந்து இதையும் கற்றுக்கொண்டார்கள் என்பதை நினைத்தால் அந்த முன்னறையில் கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும். நில்லுங்க. கூட்டம் உங்களைத் தாண்டிப் போகட்டும்.

இன்னொரு விஷயம் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. பரதேசிகளிடம் பாதுகாப்பாக இருந்துவரும் செப்பேடுகள் கி.பி. 1000-ஐ ஒட்டியவை. சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தபோது இஸ்ஸுப்பு இறப்பான் என்பவருக்குக் கொடுத்தது. ஜோசப் ரப்பான் என்ற பெயர் நம்ம நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழி, மலையாளம் தனியாகப் பிரிந்து முடிக்காத காலத்து மொழி. எழுத்துப்பெயர்ப்பை எடுத்துப் படித்தால் நமக்கே பாதிக்கு மேல் புரியும். அஞ்சுவண்ணம் என்ற வணிகர் அமைப்பும் எழுபத்திரண்டு உரிமைகளும் அவருக்குக் கொடுக்கப்படுகின்றன. பகல்விளக்கு, பாவாடை, குடை, காளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. பாவாடை என்றதும் சிரிக்காதீங்க, பெரிய மனுஷர்கள் நடக்கும் வழியில் விரிக்கிற துணி அது. உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் எடைக்கூலியும், கிடையாது. இந்த உரிமை அவருக்குப் பிறகு ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் எல்லாருக்கும் போகும்.

கவனிக்க வேண்டியது தேதியை. செப்பேடு 1000. பரதேசிகள் வந்தது 1500-க்குப் பிறகு. பெற்றுக்கொண்டவருடைய காலத்துக்கு ஐந்நூறு வருஷம் கழித்து வந்தவர்களிடம்தான் பட்டயம் இருக்கிறது. ஜோசப் ரப்பானின் வாரிசு யார் என்பதில் இரண்டு தரப்புக்கும் நெடுநாள் தகராறு. அதேபோல, பள்ளியின் வெளிச்சுவரில் ஒரு எபிரேயக் கல்வெட்டு பதித்திருக்கும். அது 1340-களில் கொச்சங்காடியில் கட்டிய பழைய பள்ளியின் கல். அதுவும் பரதேசிகள் வருவதற்கு முந்தையது. இப்படிப் பார்த்தால் பரதேசிப் பள்ளியே ஒரு விதத்தில் மற்றவர்களுடைய பொருட்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடம்.

ஓடுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தவை, கையால் வரைந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்று எல்லா கைடும் சொல்வார்கள். நான் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை. 1760-ல் கட்டிய மணிக்கூண்டின் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று எண்கள் மாறும். படம் எடுக்க மணிக்கூண்டுதான் நல்லது, உள்ளே கேமரா கூடாது.

ஓடுகளைவிட முக்கியமானது மாடி. கேரளப் பள்ளிகளில் கீழே நடுவில் ஒரு வாசிப்பு மேடை இருக்கும், அதுபோக மாடத்திலும் ஒரு மேடை இருக்கும், பெண்கள் பகுதிக்கு நேர் முன்னால். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோரா வாசிப்பது அங்கிருந்து. வேறெங்கும் சாதாரணமாகப் பார்க்க முடியாத அமைப்பு. கேரள யூதப் பெண்களுக்கு எபிரேயம் படிக்கத் தெரியும், மலையாளத்தில் தனியாக ஒரு பாட்டு மரபே வைத்திருந்தார்கள், நோட்டுப் புத்தகங்களில் எழுதிப் பாதுகாத்தார்கள். அந்தப் பாட்டுகளில் ஒரு தொகுப்பு 2005-ல் "கார்குழலி" என்று வெளிவந்தது. வாசிப்பு மேடை பெண்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பள்ளியை விட்டு வெளியே வந்ததும் எல்லாரும் ஆட்டோ பிடிப்பார்கள். நீங்க பிடிக்காதீங்க. அதே தெருவில் தெற்கே நடங்க. அரண்மனைப் பக்கம் பரதேசிகள் வீடு, தெற்கே போகப்போக மலபாரிகள் வீடு, அதுதான் பழைய ஏற்பாடு. தெக்கும்பாகம் பள்ளி இருந்த இடத்தில் இன்று பள்ளி இல்லை, இடித்துவிட்டார்கள். தெருக்கோடியில் கடவும்பாகம் பள்ளி. கடவு என்றால் படகுத்துறை, நமக்கும் தெரிந்த சொல்தான். பதினாறாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டியது, அதாவது பரதேசிப் பள்ளியைவிடப் பழசு. 1950-களில் சபை இஸ்ரேலுக்குப் போன பிறகு அது கிடங்காகிவிட்டது.

நான் போனபோது கதவு மூடியிருந்தது. சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம் உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். "ஒந்நும் இல்ல சாரே, எல்லாம் கொண்டு போயி" என்றார். வெயில் வேறு. அடுத்த தடவை விசாரித்துக்கொண்டு வரலாம் என்று திரும்பிவிட்டேன். 2019 செப்டம்பர் மழையில் அதன் முன்பகுதி இடிந்து விழுந்தது.

அவர் சொன்னது நிஜம். உள்ளே இருந்த செதுக்கு மரவேலையும் கூரையும் 1990-களில் ஜெருசலேமுக்குப் போய், இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் ஒரு முழு அறையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் இருக்கும் தோரா பெட்டகம் கடவும்பாகத்துடையது அல்ல, பரவூர்ப் பள்ளியினுடையது. கடவும்பாகத்தின் சொந்தப் பெட்டகம் நெஹாலிம் என்ற இஸ்ரேலியக் கிராமத்துக்குப் போய்விட்டது. ஜெருசலேம் போகிறவர்கள் அந்த அருங்காட்சியகத்தில் சாக்கடல் சுருள்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் இந்த அறையையும் பார்க்கணும். மட்டாஞ்சேரியின் கூரை அங்கேதான் இருக்கிறது.

மற்ற பள்ளிகளுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. எர்ணாகுளம் மார்க்கெட் பக்கம் இன்னொரு கடவும்பாகம் உண்டு. நான் போனபோது முன்னறையில் மீன் தொட்டியும் செடித் தொட்டியும் விற்கும் கடை இருந்தது, நடத்தியவர் யூதர். கடையைத் தாண்டிப் பின்னால் போனால் சட்டென்று பள்ளி. கடை இருந்ததால்தான் கட்டடத்துக்கு ஆள் நடமாட்டமும் காவலும் இருந்தன. பிறகு தோரா சுருள் வந்து வழிபாட்டுக்கு மறுபடி திறந்தார்கள்.

பரவூரும் சேந்தமங்கலமும் வடக்கே, பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டு பள்ளியையும் முசிரிஸ் பாரம்பரியத் திட்டத்தில் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பரவூரில் வாசல் மாளிகை, தூண் வைத்த நீள நடைபாதை, பிறகு பள்ளி என்று கேரளக் கோயிலுக்குப் போவதுபோலவே போகிறீர்கள். உள்ளே இருக்கும் பெட்டகம் நகல், அசல் எங்கே என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சேந்தமங்கலத்தில் முன்னால் ஒரு கல்லறைக்கல் நிற்கிறது: இஸ்ரவேலின் மகள் சாரா, 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளிலேயே பழமையானது ஒரு பெண்ணுடையது.

பைபிள் தொடர்பு தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களில் வரும் "துக்கி" என்ற எபிரேயச் சொல்லை மயில் என்று மொழிபெயர்க்கிறார்கள். அது நம்ம "தோகை"தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, இருக்கவும் கூடும். ஆனால் அதை வைத்துக்கொண்டு யூதர்கள் சாலொமோன் காலத்திலேயே கேரளம் வந்தார்கள் என்று கைடு சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்க. ஒரு சொல் கடல் தாண்டுவது வேறு, ஒரு சமூகம் வந்து குடியேறுவது வேறு. கையில் பிடித்துக் காட்ட சாராவின் கல்லும் செப்பேடும் இருக்கின்றன.

மாளாவுக்குப் பெரும்பாலும் யாரும் போவதில்லை. 1955-ல் ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்த யூதர்கள் பள்ளியையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தார்கள், பார்த்துக்கொள்ளச் சொல்லி. பல ஏக்கர் தோட்டம். இன்று நிற்கும் கல்லறைகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். ஒரு பகுதியில் விளையாட்டரங்க வேலை வந்து பெரிய சர்ச்சையானது.

சனிக்கிழமை எங்கேயும் திட்டம் போடாதீங்க. யூதர்களின் ஓய்வுநாள், வெள்ளி சாயங்காலமே தொடங்கிவிடும், பரதேசிப் பள்ளியை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பு வேணும். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை தனி, முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது. கடவும்பாகத்தின் கதவு மூடியிருந்தால் திரும்பி வராமல், யாரிடம் சாவி என்று அங்கேயே கேளுங்க.