தொட்டுப் பார், தெரிந்து கொள்!

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

அருங்காட்சியகம் என்றதும் 'தொடாதே' என்னும் பலகையே நம் நினைவுக்கு வரும். பார்ப்பவர் கைபட்டால்தான் பொருளுக்கே பயன் என்று அமைந்த காட்சிக்கூடங்களும் உலகில் உண்டு. அவற்றுக்கான பொருள்களைத் திட்டமிட்டுச் செய்வது இன்று ஒரு தனித் தொழில். அறிவியல் படித்தோர்க்கு ஆசிரியப் பணியும் வங்கிப் பணியுமே கதி என்று எண்ணும் நாம் இதனை அறிந்திருத்தல் நலம்.

முன்னோடி

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அமெரிக்க அணுகுண்டு ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. தாமும் அத்திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலார். முன்னர்ப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராயிருந்த காரணத்தால் 1949-இல் விசாரணைக்கு உள்ளாகிப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். கொலராடோ மலைப்பகுதியில் மாட்டுப் பண்ணை நடத்தினார். பின்னர் அங்கேயே உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானார். மீண்டும் பல்கலைக்கழகம் அழைத்தபோது, மாணவர்கள் தாமே செய்து பார்க்கும் சோதனைகளை ஒரு நூலகம்போல் அமைத்தார். 1965-இல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களைக் கண்டு திரும்பியவர், 1969-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்னும் கூடத்தைத் திறந்தார். 1985-இல் மறையும் வரை அதன் இயக்குநர் அவரே.

ஒரு நாற்காலியும் சக்கரமும்

வடிவமைப்பாளரின் வேலை யாது? ஓர் எடுத்துக்காட்டு காண்போம். தடையின்றிச் சுழலும் நாற்காலியில் அமர்ந்து, வேகமாகச் சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்துச் சாய்த்தால் நாற்காலி தானே திரும்பும். மறுபக்கம் சாய்த்தால் எதிர்த்திசையில் திரும்பும். கோண உந்த அழிவின்மை என்று நாம் மனப்பாடம் செய்யும் விதி அங்கே உடம்பில் உறைக்கிறது.

விதி தெரிந்தால் மட்டும் போதாது. சிறுவனுக்கு அச்சு எட்டுமா? ஆரங்களுக்கிடையே விரல் சிக்காதா? ஆயிரம் பேர் சுழற்றிய பின்னும் பேரிங் தாங்குமா? இவ்வினாக்களுக்கு விடை காண முதலில் மலிவான மாதிரி ஒன்றைச் செய்து மக்கள் முன் வைப்பர். வடிவமைப்பாளர் வாய் திறவாமல் ஓரமாக நின்று கவனிப்பார். வந்தவர் விழித்தால் குறை பொருளிலேயன்றி அவரிடத்தில் இல்லை. பிரித்து மீண்டும் செய்ய வேண்டியதுதான். எக்ஸ்ப்ளோரடோரியத்தில் இந்தப் பட்டறை வேலையையும் மக்கள் காணலாம். செய்முறைகளையும் மறைக்காமல் 1975 முதல் நூலாக வெளியிட்டனர்.

நம் நாட்டில்

கல்கத்தாவில் பிர்லா தொழில் அருங்காட்சியகம் 1959-இல் திறக்கப்பெற்றது. 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழு உருவாயிற்று. நாடெங்கும் பல அறிவியல் மையங்கள் அதன்கீழ் இயங்குகின்றன. இப்பணிக்கு அறிவியல் பட்டதாரியோடு பொறியாளர், ஓவியர், தச்சர், லேத் தொழிலாளி ஆகிய அனைவரும் தேவை. புத்தக அறிவும் கைத்திறனும் ஒன்றையொன்று மதிக்கும் இடம் இது.

ஆய்வுக்கூடத்திலிருந்து விலக்கப்பட்ட ஒருவர், ஆய்வுக்கூடத்தையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். தேர்வு முடிந்ததும் நாம் பூட்டிவிட்டு வரும் சோதனைச் சாலையின் கருவிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் ஒன்றையேனும், படிக்காத ஒருவர் தொட்டு மகிழும் வண்ணம் மாற்ற நம்மால் இயலாதா?