கையெழுத்துக்கு முன்னால் ஒரு நாள்

கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். முன்சீப் கோர்ட்டில் தொடங்கும் வழக்கு முதல் அப்பீல் வரை ஊருக்குள்ளேயே நடந்துவிடும். உயர் நீதிமன்றம் என்றால்தான் வெளியூர். 2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கும்வரை, அதற்குச் சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டும்.

மதுரை சட்டக் கல்லூரியில் படித்து 1999-ல் வக்கீலாகப் பதிவு செய்தேன். முதல் மூன்று வருடம் சீனியருக்காக வாய்தா வாங்கியதுதான் தொழில். பத்திரம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய குமாஸ்தா. "சொத்து விவரத்துல ஆரம்பிம்மா. நான்கு மாலும், அதான் நாலு பக்க எல்லையும், சரியா இருக்கான்னு பாரு. யாரு யாருக்கு எழுதுறாங்கங்கிறது அப்புறம்" என்பார்.

அப்படி வாசிக்கப் பழகிய பிறகுதான் எங்கள் வீட்டுப் பத்திரக் கட்டைப் பிரித்தேன். தறி நெய்து தாத்தா வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்தார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. அத்தை தன் பங்கை என் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தார். ரொக்கம் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி. "பணமா? ஒண்ணும் வாங்கலை. பொறந்த வீட்டு வாசல் எனக்குத் திறந்திருக்கணுமே" என்றார் அத்தை. நான் படித்தது அந்த வீட்டுத் திண்ணையில்தான்.

விவரம் தெரியாமல்தான் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று சொல்வதை நான் ஒப்புவதில்லை. பலருக்குத் தெரியும். காரியம் முடிந்த வாரமே பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப்போகக் கார் வந்து நிற்கும்போது மறுக்க முடிவதில்லை. அதனால் வட்ட சட்டப் பணிகள் குழு முகாம்களில் 'போடாதீர்கள்' என்று நான் சொல்வதே இல்லை. ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், நகலை வாங்கி யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்பேன். தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அது அவரவர் இஷ்டம்.

பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு வேறு. 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகள்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பங்கு தரவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்துச் சொன்னது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் தீர்ப்பாலோ பாகம் பிரிந்திருந்தால் அதைத் தொட முடியாது.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்ய, விஷயம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இதைச் சொல்லும்போது கூட்டத்தில் சில முகங்கள் குனியும்.

ஒரு முகாம் முடிந்ததும் ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். பேங்க் கடனுக்கு என்று சொல்லித் தம்பி வாங்கிய கையெழுத்து. பத்திரத்துக்கு இரண்டரை வயது. "கேஸ் போட்டா பேசாம இருந்துருவானே வக்கீலம்மா" என்றார். வழக்குக்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேச மக்கள் நீதிமன்றத்தில் வழி இருக்கிறது. அதற்கே மனு எழுதினோம். எதிர்மனுதாரர் முகவரிக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி வீடுன்னு போடாதீங்க. எங்க அப்பா வீடுன்னு போடுங்க."