காசிமேட்டு வண்டிகளின் பிரேக்கைத் தின்பது எது?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியும் முன்பே கிளம்பும் லோடு வண்டிகளைக் குனிந்து பார்த்தால், பின்சக்கர டிரம்மின் மேல் ஐஸ் கரைந்த மீன்தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகையில் அதே டிரம் சூடேறும். இந்த வண்டிகளுக்குக் கிலோமீட்டரை வைத்து பிரேக் பார்ப்பது போதாது. மாதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஓட்டத்தைவிட உப்பும் ஈரமும்தான் பிரேக்கை அதிகம் தின்கின்றன.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசியத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் காற்று அதற்குக் கீழே வறள்வது அரிது. அதனால் உப்புநீர் பட்ட இரும்பு, பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் ஈரத்தோடுதான் இருக்கிறது. துருவோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். பிரேக் ஷூவுக்கும் லைனிங்குக்கும் இடையே புகுந்தால் லைனிங்கையே நெம்பிப் பெயர்த்துவிடும். பாதிகூடத் தேயாத லைனிங் கழன்று விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளோடு பல வண்டிகளும் சும்மா நிற்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி வாரக்கணக்கில் விட்டால், துருவால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி நிறுத்துவதே நல்லது.

இன்னும் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத ஈரம். பிரேக் ஆயில் பெயரில்தான் ஆயில். உண்மையில் அது கிளைக்கால் சார்ந்த திரவம், காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் குணமுடையது. டப்பாவைத் திறந்த நாளிலிருந்தே அது தொடங்கிவிடும். டாட் 3 வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரநிர்ணயம். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த அளவு 140 டிகிரிதான். இரண்டு டன் எடையோடு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஒருமுறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிக்கவைக்கும். நெரிசலில் அது திரும்பத் திரும்ப ஏறும்போது பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. சூடு ஆறியபின் பெடல் பழையபடி நிற்பதால், ஒர்க்‌ஷாப்பில் கோளாறு பிடிபடாமலும் போகலாம்.

பெடலைக் கவனித்தால் பாதி விடை கிடைக்கும். ஸ்பாஞ்சு போல அமுங்கினால் பெரும்பாலும் லைனில் ஏர் புகுந்திருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் கப் போய்விட்டது. பிரேக் போடும்போது வண்டி இடப்பக்கம் இழுத்தால் பலர் இடச்சக்கரத்தைத்தான் கழற்றுகிறார்கள். பிடிக்காமல் இருப்பது வலச்சக்கரமாக இருக்கலாம். அதன் கேலிப்பர் பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். பிரேக் போடாமலே ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பேடோ ஷூவோ மாற்றும்போது ஒரே அச்சின் இரு பக்கமும் மாற்ற வேண்டும். ரப்பர் கப்பை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். பிரேக் ஆயிலே அதற்குப் போதும். டிரம்மின் தூசியைக் காற்றடித்து ஊதும் வழக்கத்தையும் விட வேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், அந்த இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் தரக்கூடியது. ஈரத்துணியால் துடைத்தால் வேலை முடிந்தது. போலி உதிரிபாகத்துக்கு இந்த ஊரில் சாக்கே இல்லை. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவின் தொழிற்சாலை பாடியில்தான் இருக்கிறது.

புது லைனிங் முதலில் அங்கங்கே மட்டுமே டிரம்மைத் தொடும். முழுப் பரப்பும் படியும்வரை நிறுத்தும் தூரம் கூடும். அதுவரை முழு லோடு ஏற்றாமல் ஓட்டி, பிறகு ஷூ இடைவெளியையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.