பழைய பிக்கப் வண்டியில் புதிய சத்தமா?

கெடா மாநிலத்தின் தோட்டப்புறங்களிலும், சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய், பாலிங் ஆகிய ஊர்களிலும் இருபது முப்பது ஆண்டு வயதான பிக்கப் வண்டிகள் இன்றும் உழைத்துக் கொண்டிருப்பதைக் காணலாம். செம்பனைக் குலைகள், கட்டிப்பால், காய்கறி, கால்நடைத் தீவனம், கோயில் திருவிழாவுக்கான பந்தல் சாமான்கள் என அவை சுமக்காத பொருள் இல்லை. தோட்ட வேலையை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கிய பலருக்கு அத்தகைய வண்டி ஒன்றே மூலதனமாகும். அது பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் வீட்டுக்கு வருமானம் இல்லாத நாளாகி விடுகிறது.

இத்தகைய வண்டியின் இஞ்சினில் ஒருநாள் இதுவரை கேளாத ஒரு சத்தம் எழுகிறது. அப்போது நம்மவரில் சிலர் வானொலியை உரக்க வைத்து அதை மறந்து விடுகின்றனர். வேறு சிலர் பிறர் சொல்லைக் கேட்டு, இன்று ஒரு பாகம், நாளை ஒரு பாகம் என மாற்றிப் பணத்தைச் செலவழிக்கின்றனர். முன்னது இஞ்சினுக்குக் கேடு; பின்னது குடும்பத்துக்குக் கேடு. பல நோய்களுக்கும் காய்ச்சல் பொதுவான அறிகுறியாக இருப்பதைப் போல, ஒரே மாதிரியான சத்தமும் பல காரணங்களால் வரக்கூடும். ஆகவே, மருந்துக்கு முன் விசாரணை தேவை. அவ்விசாரணையின் பெரும்பகுதியை வண்டியின் உரிமையாளரே செய்ய முடியும். அதற்குரிய வழிகளை இங்கு விளக்குவோம்.

மூன்று கேள்விகள்

முதற் கேள்வி: சத்தம் எப்போது கேட்கிறது? காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும் போதா, சூடேறிய பின்னரா, பாரத்துடன் மேடேறும் போதா, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுக்கும் போதா? கிளட்சை மிதித்தவுடன் சத்தம் மாறினால், கோளாறு கிளட்சிலோ கியர் பெட்டியிலோ இருக்கலாம். வண்டி நிற்கும்போது கேளாமல், ஓடும்போது மட்டும் கேட்டால் சக்கரங்களையும் சோதிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எங்கிருந்து கேட்கிறது? இஞ்சினின் மேற்புறமா, அடிப்புறமா, பெல்ட்டுகள் ஓடும் முன்புறமா, புகைபோக்கும் குழாயின் பக்கமா?

மூன்றாம் கேள்வி: எவ்வளவு விரைவாகத் தட்டுகிறது? இதற்குச் சிறிய விளக்கம் வேண்டும். பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால், வால்வுகளை இயக்கும் கேம் தண்டு ஒருமுறை சுழலும். கிராங்க் தண்டு நிமிடத்துக்கு 800 முறை சுழல்வதாகக் கொண்டால், தளர்ந்த வால்வு ஒன்று நிமிடத்துக்கு 400 முறை தட்டும். கிராங்க் தண்டைச் சார்ந்த கோளாறுகள் பெரும்பாலும் அதைவிட விரைவாகத் தட்டும். இவற்றை எண்ணிப் பார்க்க இயலாது. ஆயினும், நிதானமான தட்டலையும் விரைவான தட்டலையும் பழகிய காது பிரித்தறியும்.

இம்மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டறைக்குச் செல்வது நன்று.

காதே கருவி

1816ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் லென்னெக், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அவ்வாறுதான் பிறந்தது. அதே முறையை நாமும் கையாளலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறு முனையை இஞ்சினின் வெவ்வேறு பகுதிகளின் அருகே கொண்டு சென்றால், சத்தம் எங்கே வலுக்கிறது என்பது தெரியும்.

இதைச் செய்யும்போது வண்டி சமதரையில், திறந்த வெளியில், கியர் இல்லாமல், கைப்பிரேக் இழுக்கப்பட்டு நிற்க வேண்டும். தொளதொளப்பான சட்டை, துண்டு, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்கினால் பேராபத்தாக முடியும். பிள்ளைகளை அருகில் விடலாகாது.

மேற்புறத்தில் 'டிக் டிக்'

எந்தச் சத்தமாயினும் முதல் வேலை எண்ணெய் பார்ப்பதுதான். இஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, அளவுகோலைத் துடைத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். பட்டறைகளில் 'மின்யாக் ஹித்தாம்' எனப்படும் இஞ்சின் எண்ணெய் குறைந்திருந்தால், மேற்புறத்திலுள்ள பாகங்களுக்கு அது போதிய அளவு ஏறாமல் சத்தம் கிளம்பும். எண்ணெய் சரியாக இருந்தும் இலேசான 'டிக் டிக்' ஓசை தொடர்ந்தால், வால்வு இடைவெளி கூடியிருக்கலாம். பல பழைய இஞ்சின்களில் இதைச் சிறு செலவில் சரிசெய்து விடலாம்.

காலையில் பலமாகக் கேட்டு, இஞ்சின் சூடானதும் தணியும் 'டிக் டிக்' வேறொன்றாகவும் இருக்கலாம். இஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் இரும்புக் கிளைக்குழாயில் வெடிப்போ, அதன் இணைப்பில் கசிவோ இருந்தால் இவ்வோசை எழும். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளி சுருங்குவதால் ஓசை குறைகிறது. ஓசை குறைந்ததைக் கண்டு கோளாறு நீங்கியதாக எண்ணிவிடக் கூடாது. பெட்ரோல் இஞ்சினின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் ஒட்டிக்கொள்ளும். வண்டியில் செல்வோருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே வண்டியை நிறுத்தி, வெளிக்காற்றுக்கு வந்து, மருத்துவ உதவி நாட வேண்டும். சாளரங்களை மூடிக்கொண்டு உறங்கும் பிள்ளைகள் இதை உணரவும் மாட்டார்கள்.

முன்புறத்தில் கிறீச்சொலி

மழைக்காலக் காலைகளில் கேட்டு மறையும் கிறீச்சொலி, பெல்ட் தளர்ந்ததாலோ தேய்ந்ததாலோ வருவதாகும். இடைவிடாத உறுமலானால் தண்ணீர் பம்பின் பேரிங்கையும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்க வேண்டும். இஞ்சின் முகப்பினுள் சங்கிலி குலுங்குவது போன்ற ஒலி, டைமிங் சங்கிலியின் தேய்வைக் காட்டும். 1980களின் டொயோட்டா இலக்ஸ் வண்டிகளில் இருந்த 22 ஆர் வகை பெட்ரோல் இஞ்சினில், சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி உடைவது பலரும் அறிந்த குறையாகும். அதைக் கவனியாது ஓட்டினால் சங்கிலி முகப்பு மூடியை அராவி, ரேடியேட்டர் தண்ணீரை எண்ணெயில் கலக்கச் செய்துவிடும்.

மேடேறும்போது

பாலிங் மலைப்பாதையிலோ, 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய்ச் சரிவிலோ பாரத்துடன் ஏறும்போது, பெட்ரோல் இஞ்சினில் கோலிக்குண்டுகள் உருள்வது போன்ற சத்தம் கேட்கலாம். எரிபொருள் முறைதவறி வெடிப்பதன் அறிகுறி இது. 2009ஆம் ஆண்டில் நம் நாட்டில் ரோன் 92 பெட்ரோலுக்குப் பதிலாக ரோன் 95 வந்தது. பெரும்பாலான பழைய பிக்கப் இஞ்சின்களுக்கு அதுவே போதும். ஆதலால் விலை உயர்ந்த பெட்ரோலை நிரப்புவதற்கு முன், பற்றவைப்பு நேரம், கரிப்படிவு, இஞ்சின் சூடு ஆகியவற்றைச் சோதிப்பதே சிக்கனம்.

டீசல் வண்டிகளுக்கு வேறொரு செய்தி உண்டு. நமது தோட்டங்களில் விளையும் செம்பனையின் எண்ணெயிலிருந்து செய்யப்படும் எரிபொருள், 2019 முதல் போக்குவரத்துக்குரிய டீசலில் 10 விழுக்காடு கலக்கப்பட்டது. 2020இல் லங்காவித் தீவில் 20 விழுக்காட்டுக் கலவை தொடங்கியது. இக்கலவை பழைய தொட்டியின் அடியிலுள்ள கசடுகளைக் கரைத்துக் கிளப்பும் இயல்புடையது. அவை எரிபொருள் வடிகட்டியை அடைத்தால் இஞ்சின் திக்கித் திணறும். பெரிய செலவுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் வடிகட்டியை மாற்றிப் பார்ப்பது நலம்.

அடிப்புறத்தில் 'டொக் டொக்'

இதுவே எல்லாச் சத்தங்களிலும் அஞ்சத்தக்கது. அடிப்புறத்திலிருந்து கனமான 'டொக் டொக்' ஓசை வந்து, பாரம் கூடும்போது வலுத்தால், கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். அதனுடன் எண்ணெய் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், இஞ்சினை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டிச் சென்றால், பேரிங் மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை கிராங்க் தண்டையும் இஞ்சின் கட்டையையும் இழப்பதில் முடியலாம். கயிறு கட்டி இழுத்துச் செல்லும் கூலி அதைவிட மிகக் குறைவு.

ஆனால், 'டொக் டொக்' என்றவுடன் இஞ்சினை முழுவதும் பிரிக்கவும் வேண்டியதில்லை. டீசல் இஞ்சினில் பழுதான இன்ஜெக்டரும் இதே போன்ற ஓசையை எழுப்பும். அனுபவமுள்ள மெக்கானிக், ஒவ்வொரு சிலிண்டருக்குமுரிய எரிபொருளை மாறி மாறித் தடுத்து, ஓசை எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று காண்பார். பின் அதன் இன்ஜெக்டரை அடுத்த சிலிண்டருக்கு மாற்றுவார். ஓசையும் உடன் சென்றால் குற்றம் இன்ஜெக்டருடையது. பழைய இடத்திலேயே நின்றால் பேரிங்கையும் பிஸ்டனையும் ஐயுற வேண்டும். எண்ணெய் அழுத்தத்தை மானி கொண்டு அளப்பது மேலும் உறுதி தரும். இவ்விரு சோதனைகளையும் செய்தாயிற்றா என்று கேட்க உரிமையாளருக்கு உரிமையுண்டு. எனினும் டீசல் குழாய்களை வீட்டில் தளர்த்த முயல வேண்டாம். அவற்றின் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லக் கூடியது.

வெள்ளமும் பழைய வண்டிச் சந்தையும்

2022 ஜூலையில் பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில் திடீர் வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே கிளப்பலாகாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், அழுத்தத்துக்கு இணங்காத அந்நீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

பழைய வண்டி வாங்குவோர், தாங்கள் வருவதற்கு முன் இஞ்சினைக் கிளப்பி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கூற வேண்டும். குளிர்ந்த இஞ்சின் தன் குறையை மறைப்பதில்லை. வழக்கத்தைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்போரும் உளர். ஆதலால் அளவுகோலில் எண்ணெயின் தன்மையையும் பார்க்க வேண்டும்.

பட்டறையில் செலவுத் தொகையை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுங்கள். எண்ணெய் மாற்றிய நாளையும் ஓடிய தூரத்தையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். வாரம் ஒருமுறை, வேலைக்குப் புறப்படுமுன், எண்ணெயைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் இஞ்சினின் ஓசையைக் கேளுங்கள். வண்டி நலமாக இருக்கும்போது எழும் ஓசையை அறிந்தவரே, அது மாறும்போது முதலில் உணர்வார்.